கொரோனா நோயாளியைத் தாக்கும் இரண்டாவது கிருமி: எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது

கோவிட்-19 காரணமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில், பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருந்து அதற்காக ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டவர்கள் ஏறத்தாழ 8 சதவீதம் பேர். ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டவர்களோ ஏறத்தாழ 75 சதவீதம் பேர். 2020 ஜனவரி முதல் 2023 மார்ச் வரை 65 நாடுகளில் சிகிச்சை பெற்ற சுமார் 4,50,000 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கு இது. இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை மருத்துவர்களின் அலட்சியம் என்று சொல்லித் தள்ளிவிடுவது நியாயமாகாது. நோயாளி வீட்டிலிருந்து வரும்போதே உடன் கொண்டுவரும் கிருமி வேறு, மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போது அவரைப் பற்றிக்கொள்ளும் கிருமி வேறு. முன்னது இந்த நோயில் அரிது. பின்னது அத்தனை அரிதன்று, வந்தால் உயிரைப் பறிக்கும் அபாயமும் அதிகம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பார்த்ததிலிருந்துதான் பெரும்பாலான குழப்பமும், தேவையற்ற மருந்துப் பயன்பாடும் தொடங்கின.

கலந்து பார்த்ததற்கு வலுவான காரணம் இருந்தது. 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா பெருந்தொற்றில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்கள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றில் 58 பேரின் மாதிரிகளை மறுபடியும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தும், அக்காலத்துப் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைத் திரட்டியும் 2008இல் மொரென்ஸ், டாபென்பெர்கர், ஃபௌச்சி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர்: அன்றைய மரணங்களில் பெரும்பாலானவை வைரஸால் மட்டும் நேர்ந்தவை அல்ல, வைரஸ் பண்படுத்திவைத்த நுரையீரலில் நிமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் புகுந்து உண்டாக்கிய நிமோனியாவால் நேர்ந்தவை. 2009இல் பரவிய எச்1என்1 காய்ச்சலில் இறந்த 77 பேரின் திசுக்களை அமெரிக்காவில் ஆய்வு செய்தபோது 22 பேரிடம் பாக்டீரியா தொற்று காணப்பட்டது. இந்த வரலாற்றைப் படித்துத் தேர்ந்த ஒரு மருத்துவர், 2020இல் மூச்சுத்திணறலோடு வந்த நோயாளியைப் பார்த்ததும் ‘பாக்டீரியாவும் இருக்கக்கூடும்’ என்று எண்ணியது இயல்பே. காய்ச்சல், இருமல், குறைந்துவரும் ஆக்சிஜன், நுரையீரலின் இருபுறமும் படரும் நிழல், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் உயர்தல் ஆகிய அனைத்தும் இரு நோய்களுக்கும் பொது. வைரஸ் நிமோனியா மட்டும்தானா என்பதை நோயாளியின் தோற்றத்தைக் கொண்டோ, எக்ஸ்ரேயைக் கொண்டோ உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் கொரோனா வைரஸ், இன்ஃபுளுவென்சா போல நடந்துகொள்ளவில்லை. 2020இல் லாங்ஃபோர்டு என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 24 ஆய்வுகளைத் தொகுத்து 3,338 நோயாளிகளை அலசியபோது, மருத்துவமனைக்கு வரும்போதே பாக்டீரியா தொற்று இருந்தவர்கள் 3.5 சதவீதம் பேர் மட்டுமே என்று தெரிந்தது. மருத்துவமனையில் தங்கியிருந்த காலத்தில் புதிதாகத் தொற்றுக்கு உள்ளானவர்களோ 14.3 சதவீதம். பிரிட்டனில் 48,902 நோயாளிகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வும் இதையே வேறொரு கோணத்தில் காட்டியது. அவர்களில் 8,649 பேருக்கு நுண்ணுயிர்ப் பரிசோதனை செய்யப்பட்டது. 1,107 பேரிடம் கோவிடோடு தொடர்புடைய சுவாசத் தொற்றோ ரத்தத் தொற்றோ உறுதிப்பட்டது. அவற்றில் பத்தில் ஏழு, சேர்க்கப்பட்டு இரண்டு நாட்கள் கழிந்த பின்னரே தலைகாட்டியவை. ஆயினும் அந்த ஆய்வில் மருந்து விவரம் கிடைத்தவர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பெற்றிருந்தனர்.

அந்த இரண்டு நாள் எல்லை தற்செயலாக வைக்கப்பட்டதன்று. சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் தெரியவரும் தொற்று, பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது. அதை இணைத்தொற்று என்கிறோம். அதன்பின் தெரியவருவது மருத்துவமனைச் சூழலில் பெறப்பட்டது. அது இரண்டாம்நிலைத் தொற்று. எல்லைக்கு இருபுறமும் கிருமிகளின் முகமே மாறிவிடுகிறது. முதல் 48 மணி நேரத்தில் அகப்படுபவை நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவை. சாதாரண ஆன்டிபயாட்டிக்குகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுபவை. பத்தாம் நாளில் அகப்படுபவை கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்றவை. பல மருந்துகளைத் தாண்டிப் பிழைக்கக் கற்றுக்கொண்டவை. ஒருவருக்கு ‘கோவிடுடன் பாக்டீரியா தொற்று’ என்று எழுதும்போது நாள் குறிப்பிடப்படவில்லை என்றால், எந்த மருந்து தேவை என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பு விடையளிக்காது.

ஆய்வுக்கு ஆய்வு எண்கள் ஏன் இவ்வளவு மாறுபடுகின்றன என்று கேட்பவர்கள், வகுஎண்ணைப் பார்க்க வேண்டும். பரிசோதனை எல்லோருக்கும் செய்யப்படுவதில்லை. நிலைமை மோசமானவர்களுக்கே செய்யப்படுகிறது. பரிசோதிக்கப்பட்டவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் சதவீதம் வீங்கும். சேர்க்கப்பட்ட அனைவரையும் எடுத்தால் சுருங்கும். பெருந்தொற்றின் தொடக்கத்தில், காற்றில் வைரஸ் பரவும் என்ற அச்சத்தால் நுரையீரலுக்குள் குழாய் செலுத்தி மாதிரி எடுக்கும் பிராங்கோஸ்கோபி பல இடங்களில் தவிர்க்கப்பட்டது. சளி வரவழைப்பதும் தவிர்க்கப்பட்டது. கோவிட் நோயாளிகளில் பலருக்கு வறட்டு இருமல்தான் என்பதால் சளியே கிடைக்காமலும் போனது. மாதிரி எடுக்கும் முன்பே ஆன்டிபயாட்டிக் தொடங்கப்பட்டிருந்தால், வளர வேண்டிய பாக்டீரியா வளர்ப்புத் தட்டில் வளராது. இதற்கு நேர் எதிராக, பல கிருமிகளின் மரபணுவை ஒரே நேரத்தில் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை, செத்த கிருமியின் துணுக்கையும் ‘இருக்கிறது’ என்றே சொல்லும்.

அருகிலிருந்து பார்த்தால் இந்தச் சிக்கல் எளிதில் விளங்கும். வென்டிலேட்டரில் ஒன்பதாவது நாளாக இருக்கும் ஒரு நோயாளியின் மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த சளி ஆய்வகத்துக்குப் போகிறது. இரண்டு நாள் கழித்து வரும் அறிக்கையில் கேண்டிடா வளர்ந்துள்ளது என்றும், குறைந்த அளவில் கிளெப்சியெல்லாவும் வளர்ந்துள்ளது என்றும் இருக்கிறது. கேண்டிடா பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் குடியிருக்கும் பூஞ்சை. சளியில் அது தெரிவதால் மட்டும் நுரையீரலில் நோய் உண்டென்று பொருளில்லை, கேண்டிடா நிமோனியா மிக மிக அரிது. கிளெப்சியெல்லாவின் கதையோ அவ்வளவு எளிதன்று. அது குழாயின் உட்சுவரில் படலமாகப் படிந்து, நோய் செய்யாமல் தங்கியிருக்கலாம். இறங்கி நுரையீரலைத் தாக்கத் தொடங்கியும் இருக்கலாம். புதிதாகக் காய்ச்சல் வந்துள்ளதா, சளி சீழ்நிறம் பெற்றுள்ளதா, நேற்றைவிட ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறதா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா, எக்ஸ்ரேயில் முன்பில்லாத நிழல் வந்துள்ளதா என்பவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அந்த அறிக்கைக்குப் பொருள் உண்டு. அறிக்கைத் தாளுக்கு மருந்து கொடுப்பதும் நோயாளிக்கு மருந்து கொடுப்பதும் ஒன்றல்ல என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்நோயில் நடந்த மிகைச் சிகிச்சையில் கணிசமான பகுதி இந்த இடத்தில்தான் நடந்தது.

இரண்டாம்நிலைத் தொற்றுக்கு நுரையீரல் ஏன் இத்தனை எளிதாக இடம்கொடுக்கிறது? காற்றுக்குழாயின் உட்பரப்பில் அசைந்துகொண்டே இருக்கும் நுண்மயிர்கள், சளியையும் அதில் சிக்கிய கிருமிகளையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கொரோனா வைரஸ் முதலில் தாக்குவது இந்த மயிர்களைக் கொண்ட செல்களைத்தான். ஆழத்தில், காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்புப் பொருளைச் சுரக்கும் இரண்டாம் வகைச் செல்களும் சேதமடைகின்றன. காற்றுப்பைகளில் புரதம் நிறைந்த நீர் தேங்குகிறது. ரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் குறைகின்றன. இது கடுமையான கோவிடின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. இந்த நிலையில் உயிர்காக்கும் சிகிச்சைகளே புதிய வாசல்களைத் திறக்கின்றன. தொண்டை வழியே மூச்சுக்குழாய்க்குள் செலுத்தப்படும் குழாய், இருமி வெளியேற்றும் ஆற்றலை முடக்குகிறது. வாயில் ஊறும் எச்சில் அந்தக் குழாயைச் சுற்றிக் கசிந்து கீழே இறங்குகிறது. கழுத்துச் சிரையில் ஏற்றப்படும் மருந்துக்குழாய் ரத்தத்துக்கு நேர்வழி. அழற்சியை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டும், டோசிலிசுமாப் போன்ற மருந்துகளும் எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே அடக்குகின்றன.

வென்டிலேட்டரில் இருக்கும் எல்லோருக்கும் நிமோனியா அபாயம் உண்டு என்றாலும், கோவிடில் அது கூடுதல். ஐரோப்பாவின் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஒப்பீட்டில், வென்டிலேட்டரோடு தொடர்புடைய கீழ்ச்சுவாசத் தொற்று கோவிட் நோயாளிகளில் 50.5 சதவீதத்தினருக்கும், இன்ஃபுளுவென்சா நோயாளிகளில் 30.3 சதவீதத்தினருக்கும், வைரஸ் தொற்றே இல்லாதவர்களில் 25.3 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. வென்டிலேட்டரில் கழியும் நாட்களின் எண்ணிக்கையே இதற்குப் பெருங்காரணம். கோவிட் நோயாளிகள் இரண்டு, மூன்று வாரங்கள் அதில் இருப்பது வழக்கமாயிற்று. ஒவ்வொரு நாளும் அபாயத்தைக் கூட்டியது. 2023இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் வென்டிலேட்டரில் இருந்த 585 நோயாளிகளின் தினசரித் தரவுகளை அலசி, வைரஸால் தொடங்கிய நோயில் மரணத்தை நோக்கித் தள்ளும் முக்கியக் காரணங்களுள் ஒன்று குணமாகாத இரண்டாம்நிலைப் பாக்டீரியா நிமோனியா என்று சுட்டிக்காட்டினர். வருகையின்போது பாக்டீரியாவைத் தேடித் தேடி மருந்து கொடுத்த அதே மருத்துவ அமைப்பு, பத்தாம் நாள் நிமோனியாவைத் தவறவிட்டிருக்கக்கூடும் என்பது இதிலிருந்து எழும் கவலைக்குரிய கருத்து.

இந்தியாவின் நிலையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையமைப்பில் உள்ள பத்து மருத்துவமனைகளின் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 2020 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே சேர்க்கப்பட்ட 17,534 கோவிட் நோயாளிகளில் 3.6 சதவீதத்தினர் இரண்டாம்நிலைத் தொற்றுக்கு உள்ளாயினர். எண்ணிக்கை சிறிது. ஆனால் சேர்க்கப்பட்ட அனைவரிலும் இறப்பு விகிதம் 10.6 சதவீதமாக இருந்தபோது, இந்தச் சிறிய கூட்டத்தில் அது 56.7 சதவீதம். கிருமிகளில் முதலிடம் கிளெப்சியெல்லா நிமோனியேவுக்கு. அடுத்தது அசினெட்டோபாக்டர் பௌமானி. அசினெட்டோபாக்டரில் 92.6 சதவீதமும், கிளெப்சியெல்லாவில் 72.8 சதவீதமும் கார்பபெனெம் என்னும் உயர்நிலை ஆன்டிபயாட்டிக்கை எதிர்த்து நின்றன. இவை வைரஸோடு சேர்ந்து வெளியிலிருந்து வந்தவை அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நெடுங்காலமாகக் குடிகொண்டவை. படுக்கைகள் நெருங்கின, ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகள் பெருகினர். வைரஸிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அணிந்த பாதுகாப்பு உடையையும் கையுறையையும் பணியாளர்கள் நோயாளிக்கு நோயாளி மாற்ற முடியாத நேரங்களில், பாக்டீரியா பயணம் செய்ய வழி கிடைத்தது.

பூஞ்சைகளின் பங்கு தனியே பேசத்தக்கது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லோரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். நலமான நுரையீரல் அவற்றைச் சத்தமின்றி அழித்துவிடும். கடுமையான இன்ஃபுளுவென்சாவுக்குப் பின் இந்தப் பூஞ்சை நுரையீரலைத் துளைப்பது முன்பே அறியப்பட்டிருந்ததால், கோவிடிலும் அதைத் தேடினர். இத்தாலியின் பொலோனாவில் வென்டிலேட்டரில் இருந்த 108 பேரை முறையாகப் பரிசோதித்தபோது 30 பேரிடம் இது இருப்பதற்கு வலுவான அறிகுறிகள் தெரிந்தன. முப்பது நாட்களுக்குள் அவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தனர். பூஞ்சை இல்லாதவர்களில் 19 சதவீதம். ரத்தத்தில் கேலக்டோமேனன் என்னும் பூஞ்சைச் சர்க்கரையைத் தேடும் பரிசோதனை இந்நோயாளிகளில் பெரும்பாலோரிடம் எதிர்மறையாகவே வரும். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் தேடினால்தான் அகப்படும். எனவே பிராங்கோஸ்கோபியைத் தவிர்த்த இடங்களில் இந்நோய் எண்ணப்படாமலே போயிருக்கும்.

கறுப்புப் பூஞ்சை என்று மக்கள் அறிந்த மியூகோர்மைகோசிஸ் இன்னும் கொடியது. 2021 இரண்டாம் அலையில் இந்தியாவில் மட்டும் ஜூன் இறுதிக்குள் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். கொள்ளைநோய்ச் சட்டத்தின்கீழ் அறிவிக்க வேண்டிய நோயாக அதைக் கருதுமாறு மே மாதத்தில் மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு கூறியது. காரணமான ரைசோபஸ் பூஞ்சை மண்ணிலும் அழுகும் பொருளிலும் எங்கும் இருப்பது. கட்டுப்படாத சர்க்கரை, ரத்தம் அமிலமாகும் நிலையில் கட்டவிழும் இரும்பு, ஸ்டீராய்டால் மந்தமான வெள்ளணுக்கள் ஆகிய மூன்றும் ஒரே உடலில் கூடும்போது அது ரத்தநாளச் சுவரைத் துளைத்து, நாளத்தை அடைத்து, அடுத்துள்ள திசுவைக் கறுத்துப் போகச் செய்கிறது. மூக்கு, கன்ன எலும்பின் காற்றறைகள், கண்குழி, மூளை என்பது அதன் பாதை. கன்னத்தில் ஒருபுற வலி, மரத்துப்போதல், மேல்வரிசைப் பற்கள் ஆடுதல், மூக்கில் கறுநிறக் கசிவு, இமை வீங்குதல், பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவை நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் கவனிக்க வேண்டியவை. ஆக்சிஜன் குடுவைகளின் தண்ணீர், ஆவி பிடித்தல் என்று பலவும் அப்போது குற்றஞ்சாட்டப்பட்டன. 16 மையங்களில் 2020இன் இறுதி மாதங்களில் நடந்த ஆய்வு சுட்டிக்காட்டியது, கட்டுப்படாத நீரிழிவையும், ஸ்டீராய்டு முறையின்றிப் பயன்படுத்தப்பட்டதையும்தான். ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாட்கள் என்ற அளவு உயிர்களைக் காப்பதை 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு நிறுவியிருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அது பயன்தரவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. முதல் பாதி காட்டுத்தீயாகப் பரவியது, இரண்டாம் பாதி பல இடங்களைச் சென்றடையவே இல்லை. வீட்டிலிருந்த லேசான நோயாளிகளும் வாரக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்கினர். பூஞ்சையின் பெயரைத் தவறாக எண்ணினாலும் ஆபத்து: ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதல் மருந்தான வோரிகோனசோல், ரைசோபஸிடம் செல்லாது. அதற்கு ஆம்போடெரிசின்-பி மருந்தும், செத்த திசுவை வெட்டி அகற்றும் அறுவைச் சிகிச்சையும் சேர்ந்தே தேவை.

கேண்டிடா ஆரிஸ் என்னும் பூஞ்சையும் நெரிசலான பிரிவுகளில் இடம்பிடித்தது. படுக்கைக் கம்பிகளிலும் கருவிகளிலும் நெடுநாள் உயிர்வாழக்கூடிய இது, 2020 ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் ஒரு மருத்துவமனையில் கோவிட் பிரிவில் சோதிக்கப்பட்ட 67 பேரில் 35 பேரின் உடலில் காணப்பட்டது.

பிற வைரஸ்களோடு சேரும் இணைத்தொற்று, முதல் ஆண்டில் பெரிதாகத் தெரியவில்லை. முகக்கவசமும் ஊரடங்கும் இன்ஃபுளுவென்சாவையே ஏறக்குறைய மறையச் செய்திருந்தன. ஆனால் இரண்டும் ஒருவரிடம் கூடும்போது நிலைமை கடுமை. பிரிட்டனில் பிற வைரஸ்களுக்கும் சோதிக்கப்பட்ட 6,965 கோவிட் நோயாளிகளில் 583 பேரிடம் இரண்டாவது வைரஸ் இருந்தது. அவர்களுள் இன்ஃபுளுவென்சாவும் சேர்ந்திருந்தவர்களுக்கு வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலாகவும், இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாகவும் இருந்தது. இன்ஃபுளுவென்சாவுக்குத் தனி மருந்து உண்டு, தடுப்பூசியும் உண்டு. ஆகவே ஃப்ளூ பரவும் காலத்தில் கோவிட் உறுதியானதோடு பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது.

காசநோய் இந்த 48 மணி நேரக் கணக்குக்குள் அடங்காதது. அது மாதக்கணக்கில் உள்ளே இருந்து, கோவிட் பரிசோதனைக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியவருவது. தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் மாகாணத் தரவுகளில், அப்போது காசநோய் இருந்தவர்கள் கோவிடால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 2.7 மடங்காக இருந்தது. அதைவிடப் பெரிய சேதம் கண்டறிதலில் நிகழ்ந்தது: உலகளவில் புதிதாகக் கண்டறியப்பட்டு அறிவிக்கப்பட்ட காசநோயாளிகள் 2019இல் 71 லட்சம், 2020இல் 58 லட்சம். நோய் குறையவில்லை, இருமலோடு வந்தவர்களைக் கோவிட் எதிர்மறை என்று திருப்பி அனுப்பியதும், வரவே அஞ்சியதும் சேர்ந்து எண்ணைக் குறைத்தன. இரண்டு வாரங்களைத் தாண்டும் இருமல், எடை குறைதல், மாலைக் காய்ச்சல் உள்ளவரிடம் சளிப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்வதற்குக் கூடுதல் நுட்பம் எதுவும் தேவையில்லை.

மருந்து தேவையா என்பதைத் தீர்மானிப்பதில் உதவும் கருவிகள் சில உண்டு, முழுமையானது எதுவுமில்லை. ரத்தத்தில் அளக்கப்படும் புரோகால்சிடோனின் என்னும் பொருளின் அளவு வைரஸ் நோயில் தாழ்ந்தும் பாக்டீரியா நோயில் உயர்ந்தும் இருப்பது பொது விதி. தாழ்ந்திருந்தால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தத் துணிவு தரும். உயர்ந்திருந்தால் மட்டும் பாக்டீரியா என்று முடிவுகட்ட இயலாது, ஏனெனில் சிறுநீரகச் செயலிழப்பிலும் மிகக் கடுமையான கோவிடிலும் அது உயர்கிறது. டோசிலிசுமாப் பெற்றவரிடம் சி-ரியாக்டிவ் புரதம் வாரக்கணக்கில் அடங்கிக் கிடக்கும்; காய்ச்சலும் வராமல் போகலாம். அழற்சியையும் அடக்கும் என்ற நம்பிக்கையில் பரவலாகத் தரப்பட்ட அசித்ரோமைசின், ரெகவரி ஆய்வில் 7,763 நோயாளிகளிடம் ஒப்பிடப்பட்டு, உயிர்காப்பதில் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தது. டாக்சிசைக்ளினும் வீட்டுச் சிகிச்சையில் அவ்வாறே பயனற்றதாயிற்று. இவற்றுக்கான விலை வேறிடத்தில் செலுத்தப்பட்டது: அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கில், மருத்துவமனையில் தொடங்கிய மருந்தெதிர்ப்புத் தொற்றுகளும் அவற்றால் நேர்ந்த மரணங்களும் 2020இல் குறைந்தது 15 சதவீதம் கூடின.

ஆகவே இன்று வார்டில் ஒரு கோவிட் நோயாளி சேர்க்கப்படும்போது செய்யத்தக்கது இதுதான். லேசான, மிதமான நோயில் பாக்டீரியாவுக்கான தனி அறிகுறி இல்லாதவரை ஆன்டிபயாட்டிக் வேண்டாம். நிலை கடுமையாக இருந்து, காத்திருக்க முடியாமல் தொடங்க நேர்ந்தால், முதல் டோஸுக்கு முன்பே ரத்தமும் சளியும் வளர்ப்புப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்தில் அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துச் சீட்டை மறுபடி பார்க்க வேண்டும். எதுவும் வளரவில்லை, நோயாளியின் போக்கும் வைரஸ் நோயோடு ஒத்துப்போகிறது என்றால் அன்றே நிறுத்த வேண்டும். வென்டிலேட்டரில் ஒரு வாரம் தாண்டியவரிடம் கேள்வி தலைகீழாகிறது. தேறிவந்தவருக்கு மீண்டும் காய்ச்சலும் ஆக்சிஜன் தேவையும் ஏறினால் அதை ‘கோவிடின் போக்கு’ என்று விட்டுவிடாமல், நுரையீரலின் ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து, பாக்டீரியாவையும் ஆஸ்பெர்ஜில்லஸையும் சேர்த்தே தேட வேண்டும். அதே வேளையில் சர்க்கரை அளவையும், ஸ்டீராய்டு எத்தனையாவது நாள் என்பதையும், எந்தக் குழாயை இன்றே அகற்றிவிடலாம் என்பதையும் அன்றன்றைய சுற்றில் கேட்க வேண்டும்.